தவிட்டில் போனதும் புட்டியில் வந்ததும்

(வானொலி உழவர் நிகழ்ச்சி உரை)



ஆரணி என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு சரக்கு ஞாபகம் வரும். ஒன்று பட்டு. இன்னொன்று அரிசி. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற இந்த ஊரில் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம் கேட்கும். ஊரைச் சுற்றி வந்தால் ரைஸ் மில் களத்தில் நெல் காயும். இன்றைக்கு நாம் பேசப் போவது மூன்றாவது ஒரு சரக்கைப் பற்றி. அது இங்கே விளைவதில்லை. மருந்துக் கடையில்தான் கிடைக்கிறது. ஜீரண டானிக், சத்து மாத்திரை என்கிறோமே, அதுதான்.

"சாப்பிட்டது செரிக்கமாட்டேங்குது", "பிள்ளைக்குப் பசியே எடுக்கல", "குழித்தறியில உக்காந்து உக்காந்து வயிறு மந்தமாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போகிறோம். கூலிக் காசில் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு வருகிறோம். அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது? அது நம் வயிற்றில் என்ன வேலை செய்கிறது? அது யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஏறக்குறைய இருநூறு வருஷத்துச் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். அந்தச் சரித்திரத்தில் வருகிற சாமான்கள் எல்லாம் நமக்குப் பழக்கமானவைதான். பட்டு நூல் வருகிறது, முளைகட்டிய தானியம் வருகிறது, அரிசித் தவிடு வருகிறது. ஆகவே பொறுமையாகக் கேளுங்க.

கூட்டைத் திறக்கும் சாறு

முதலில் பட்டுப் புழுவிடமிருந்தே தொடங்குவோம். புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. கூட்டின் இழையை ஒட்டி வைத்திருப்பது ஒரு பசை. அந்தப் பசையை நீக்கத்தான் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். அவ்வளவு கெட்டியான கூட்டை, பல்லும் இல்லாத, நகமும் இல்லாத அந்துப்பூச்சி எப்படித் திறந்துகொண்டு வெளியே வருகிறது?

அது வாயிலிருந்து ஒரு சாற்றைக் கக்குகிறது. அந்தச் சாறு பசையைக் கரைத்துவிடுகிறது. இழைகள் விலகி வழி விடுகின்றன. அந்தச் சாற்றில் இருக்கும் பொருளை 1964-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து வெளியிட்டார்கள். அதற்கு 'கக்கூனேஸ்' என்று பெயர். நம் குடலில் பருப்பையும் முட்டையையும் கரைக்கிற ஜீரணச் சாற்றில் 'டிரிப்ஸின்' என்று ஒரு பொருள் உண்டு. கக்கூனேஸ் அதற்குப் பங்காளி முறை. பூச்சி வெளியே வந்துவிட்டால் அறுபடாத நீள இழை கிடைக்காது என்றுதானே, வருவதற்கு முன்னாலேயே கூட்டைச் சூட்டில் வைத்துவிடுகிறார்கள்!

இப்படிப் பசையைக் கரைப்பது, மாவைச் சர்க்கரையாக்குவது, இறைச்சியை இளக்குவது போன்ற வேலைகளைச் செய்கிற பொருளுக்குத்தான் 'என்சைம்' என்று பெயர். தமிழில் 'நொதி' என்கிறார்கள். இதன் குணம் மூன்று. கொஞ்சம் இருந்தாலே நிறைய வேலை செய்யும். ஒவ்வொன்றும் ஒரே வகை வேலைதான் செய்யும். மாவைக் கரைப்பது கொழுப்பைத் தொடாது. கொதிக்கிற சூடு பட்டால் பெரும்பாலும் செத்துவிடும். இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பட்டு நூலில் கட்டிய உணவு

வயிற்றுக்குள் உணவு எப்படிச் செரிக்கிறது என்பது நெடுநாள் யாருக்கும் தெரியாது. அரவை மில் மாதிரி வயிறு அரைக்கிறது என்றார்கள் சிலர். சூட்டில் வேகிறது என்றார்கள் சிலர். அழுகுகிறது என்றும் சொன்னார்கள்.

1822-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி அமெரிக்காவில் மாக்கினாக் என்ற தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற வாலிபனின் மேல் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்துவிட்டது. பட்டாளத்து டாக்டர் வில்லியம் போமாண்ட் வைத்தியம் பார்த்தார். ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் புண் ஆறியும் வயிற்றில் ஒரு துவாரம் மூடாமல் நின்றுவிட்டது. அதன் வழியாக இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்!

1825 ஆகஸ்டு 1-ந் தேதி பகல் 12 மணிக்கு அந்த டாக்டர் ஒரு காரியம் செய்தார். ஒரு நூலில் இறைச்சித் துண்டுகள், ரொட்டித் துண்டு, பச்சை முட்டைக்கோஸ் எல்லாம் வரிசையாகக் கட்டி, துவாரம் வழியாக இரைப்பைக்குள் இறக்கினார். அது என்ன நூல் தெரியுமா? பட்டு நூல்! மணிக்கு ஒரு தரம் வெளியே இழுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. பிறகு இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் ஊற்றி, அதில் இறைச்சியைப் போட்டு இளஞ்சூட்டில் வைத்தார். அங்கேயும் கரைந்தது. ஆகவே உணவைக் கரைப்பது அந்தச் சாறுதான் என்று நிச்சயமாயிற்று. 1833-ல் இதை எல்லாம் புத்தகமாக வெளியிட்டார். செயின்ட் மார்ட்டின் அந்தத் துவாரத்தோடேயே டாக்டரையும் தாண்டி 1880 வரை உயிரோடு இருந்தார்.

1836-ல் ஜெர்மானியரான தியோடர் ஷ்வான் இரைப்பைச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதற்குப் 'பெப்ஸின்' என்று பெயர் வைத்தார். பிறகு பன்றியின் இரைப்பையிலிருந்து பெப்ஸினை எடுத்து மருந்தாக விற்கத் தொடங்கினார்கள். ஜீரண டானிக் வியாபாரம் இப்படித்தான் ஆரம்பம்.

முளையில் இருந்தது, தவிட்டில் வளர்ந்தது

போமாண்ட் புத்தகம் போட்ட அதே 1833-ல் பிரான்ஸ் நாட்டில் பேயன், பெர்சோ என்ற இரண்டு பேர் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். முளைகட்டிய பார்லியை அரைத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பொருள் இருந்தது. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கியது. அதற்கு 'டயாஸ்டேஸ்' என்று பெயரிட்டார்கள்.

இது நமக்குத் தெரியாத விஷயமா? விதை நெல்லை ஊறவைத்து மூட்டம் போடுகிறோம். முளை கட்டுகிறது. முளைக்கும் குருத்துக்குத் தீனி வேணும். மணிக்குள் இருப்பதோ கெட்டி மாவு. அதைக் கரைத்துக் கொடுக்கத்தான் தானியம் தானே இந்தப் பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. முளைகட்டிய கேழ்வரகை வாயில் போட்டு மென்றால் லேசாக இனிக்கிறதே, அதன் காரணம் இதுதான்.

அடுத்து வந்தவர் ஜப்பான்காரர், ஜோகிச்சி டக்காமினே. அவர் நாட்டில் அரிசியில் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதைக்கொண்டு அரிசி மது காய்ச்சுவது பழைய வழக்கம். அந்தப் பூஞ்சையிலும் டயாஸ்டேஸ் ஏராளம். டக்காமினே அமெரிக்கா போய், அந்தப் பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, சாற்றை எடுத்துத் தூளாக்கினார். 1894-ல் அதற்குப் பேட்டண்ட் உரிமை வாங்கினார். பார்க் டேவிஸ் கம்பெனி அதை 'டக்கா டயாஸ்டேஸ்' என்ற பெயரில் விற்றது. இன்றைக்கும் பல ஜீரண டானிக் லேபிளில் 'ஃபங்கல் டயாஸ்டேஸ்' என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். அது அந்த வம்சத்துப் பூஞ்சைச் சரக்குதான்.

லேபிளில் 'பப்பெயின்' என்றும் சிலதில் இருக்கும். அது பப்பாளிக்காயின் பால். ஆட்டுக்கறி வேகாவிட்டால் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவார்கள் இல்லையா? அதே குணம்தான். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தப் பாலுக்காகவே ஏற்ற ரகமாகக் கோ.2, கோ.5 பப்பாளிகளை வெளியிட்டது. காயைக் கீறிப் பாலை எடுத்து, உலர்த்தி விற்று, விவசாயிகள் காசு பார்த்திருக்கிறார்கள்.

ஆக, புட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான்: ஒரு பிராணியின் இரைப்பைச் சாறு, தவிட்டில் வளர்ந்த பூஞ்சையின் சாறு, பப்பாளிப் பால். மந்திரம் ஒன்றும் இல்லை.

தவிடு போனதும் கால் போயிற்று

இது சரித்திரத்தின் ஒரு பாதி. இன்னொரு பாதி நம் அரிசியைப் பற்றியது. இது கொஞ்சம் கசப்பானது.

உலக்கையால் குத்தின காலத்தில் அரிசியின் மேல் தவிட்டுத் தோல் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். நீராவி மில் வந்த பிறகு அரிசி வெள்ளை வெளேர் என்று வந்தது. ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆசியா பூராவும் அந்த வெள்ளை அரிசி போன இடத்தில் எல்லாம் ஒரு நோயும் கூடவே போயிற்று. அதன் பெயர் 'பெரிபெரி'. முதலில் கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கி, இதயம் பலவீனமாகி உயிரே போய்விடும்.

ஜப்பான் கடற்படையின் ரியூஜோ என்ற கப்பல் 1882-83-ல் நீண்ட பயணம் போய்த் திரும்பியது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி. 25 பேர் இறந்துபோனார்கள். டக்காகி என்ற கடற்படை டாக்டர் சாப்பாட்டில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டார். 1884-ல் இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்பி, அரிசியைக் குறைத்து, இறைச்சியும் பார்லி போன்ற தானியமும் கொடுத்துப் பார்த்தார். நோய் அநேகமாக மறைந்துவிட்டது.

ஜாவாத் தீவில் பட்டேவியா நகரில் எய்க்மான் என்ற டச்சு டாக்டர் கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு சமயம் கோழிகளுக்குக் கால் முடங்கிப்போயிற்று. கொஞ்ச நாளில் தானாகவே சரியாகிவிட்டது. விசாரித்துப் பார்த்தால் சங்கதி வேறு. முன்பு இருந்த சமையல்காரர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறார். புதிதாக வந்த சமையல்காரரோ, "பட்டாளத்துச் சோறு சாதாரணக் கோழிக்கு எதற்கு?" என்று நிறுத்திவிட்டார்! கோழிகள் தீட்டாத அரிசியைத் தின்று பிழைத்துக்கொண்டன. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டோடு உயிருக்கு அவசியமான ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று 1901-ல் அவர் இடத்துக்கு வந்த கிரைன்ஸ் சொன்னார். 1912-ல் ஃபங்க் என்பவர் அந்த மாதிரிப் பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார்.

அந்த ஏதோ ஒன்றைக் கடைசியில் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் அமெரிக்கர்தான். ஆனால் பிறந்தது 1886-ல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரில்! தாய் தகப்பன் பாதிரி ஊழியத்துக்கு வந்தவர்கள். வளர்ந்து பிலிப்பைன்ஸுக்கு வேலைக்குப் போனார். அங்கே பெரிபெரி கண்டு சாகக் கிடந்த கைக்குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க, அவை பிழைத்ததைக் கண்ணால் பார்த்தார். அந்தச் சாற்றில் இருப்பது என்ன என்று 1910-ல் தொடங்கினவர், 26 வருஷம் விடாமல் உழைத்தார். டன் கணக்கில் தவிட்டைக் கரைத்தால் சில கிராம்தான் கிடைக்கும். 1936-ல் அந்தப் பொருளைச் செயற்கையாகவே செய்துவிட்டார். அதுதான் வைட்டமின் பி-1, 'தயமின்'. மாத்திரையாக இன்று கடையில் கிடைப்பது அதுவே.

பாருங்க, தவிட்டில் போனது புட்டியில் வந்தது! மாட்டுக்குப் போட்ட சத்தை மனுஷன் காசு கொடுத்து வாங்குகிறான்.

நெசவாளியும் நாடாவும்

இந்த இரண்டு பாதியும் 1937-ல் ஒன்றாகச் சேர்ந்தன. சாப்பிட்ட சோறு செரித்துச் சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்த பிறகு, அதை எரித்துச் சக்தியாக்க உடம்புக்குள் வேறு என்சைம்கள் இருக்கின்றன. அவற்றில் சில, பி-1 இல்லாமல் வேலை செய்யாது என்று அந்த வருஷம் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள்.

நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், என்சைம்தான் நெசவாளி. வைட்டமின் அவர் கையில் இருக்கிற நாடா. நெசவாளி நம் உடம்புக்குள்ளேயே பிறக்கிறார். உமிழ்நீர், இரைப்பை, கணையம், குடல் எல்லாம் சேர்ந்து நாள் தவறாமல் இந்த ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் நாடாவை உடம்பு செய்துகொள்ளாது. அது சோற்றோடுதான் வர வேண்டும். நெசவாளி இருந்தும் நாடா இல்லாவிட்டால் தறி ஓடுமா? நாடாக்காரன் நிற்கிற இடத்தில், நெசவாளியைக் கூலிக்குப் பிடித்துக்கொண்டு வந்தால் மட்டும் புடவை வந்துவிடுமா?

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதுதான் இன்றைய பேச்சின் சாரம். உடம்பு தானே செய்துகொள்வதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உடம்பு செய்யமுடியாததைச் சாப்பாட்டில் தவறவிடக் கூடாது.

குன்னூர் சொன்ன சேதி

பெரிபெரி தமிழ்நாட்டில் ஏன் பெரிசாகப் பரவவில்லை? இந்தக் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவரும் நாரிஸ் என்பவரும் 1924-ல் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி வெளியிட்டார்கள். அதே சென்னை மாகாணத்தில் வடக்கே ஆந்திரக் கடலோர ஜில்லாக்களில் மில்லில் தீட்டிய பச்சரிசிச் சோறு. அங்கே பெரிபெரி இருந்தது. தெற்கே நாம் புழுங்கல் அரிசிக்காரர்கள். இங்கே அது அபூர்வம்.

1935-ல் குன்னூருக்குத் தலைவராக வந்த ஏக்ராய்டும் அவருடைய கூட்டாளிகளும் காரணத்தை விளக்கினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி-1 தண்ணீரோடு சேர்ந்து மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு காயவைத்து எவ்வளவு தீட்டினாலும் உள்ளே போனது உள்ளேயே நிற்கிறது. கழுவும்போதும் பச்சரிசி அளவுக்குக் கரைந்து போவதில்லை. நம்ம பாட்டன் பூட்டன் பி-1 என்று பெயர் கேட்டதில்லை. ஆனால் நெல் அவிக்கிற அண்டாவில் ஒரு பெரிய நோயைத் தடுத்திருக்கிறார்கள்.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அவர்கள் வெளியிட்ட பழைய சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் பி-1 எவ்வளவு? மில்லில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம். கைக்குத்தல் பச்சரிசியில் 0.21. மில் புழுங்கலில் 0.21. கைக்குத்தல் புழுங்கலில் 0.27. தவிட்டிலோ 2.70! ஒருவர் நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிட்டால், மில் பச்சரிசியில் கால் மில்லிகிராம் கூட வராது. புழுங்கலில் முக்கால் மில்லிகிராமுக்கு மேல் வரும். ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம். மீதியைப் பருப்பும் கடலையும் கேழ்வரகும் கொடுத்துவிடும்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934-ல் காந்தியடிகள் ஆரம்பித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்து, கைக்குத்தல் அரிசிக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். "உலக்கையைத் திரும்பக் கொண்டுவருவதா?" என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. குன்னூர்க் கணக்கு குமரப்பா பக்கம்தான் பேசியது.

தவிட்டைப் பற்றி ஆரணி மில்காரர்களுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் தெரிந்த இன்னொரு சங்கதி உண்டு. பச்சரிசித் தவிடு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதுவும் என்சைம் வேலைதான். தவிட்டில் எண்ணெயும் இருக்கிறது, எண்ணெயை உடைக்கிற என்சைமும் இருக்கிறது. தீட்டும்போது இரண்டும் கலந்துவிடும். புழுங்கல் தவிட்டில் அவித்த சூட்டிலேயே அந்த என்சைம் செத்துவிடுவதால் தாக்குப் பிடிக்கிறது. தவிட்டு எண்ணெய் ஆலைக்காரர் தவிட்டைப் புதிதாகக் கேட்பது இதனால்தான்.

புட்டி யாருக்கு வேணும்?

அப்படியானால் மருந்தே வேண்டாமா என்று கேட்பீங்க. அப்படிச் சொல்லவில்லை. வேண்டியவர்களுக்குக் கட்டாயம் வேணும்.

தென்னிந்தியாவில் கணையத்தில் கல் விழுகிற ஒரு நோய் இருக்கிறது. 1959-ல் ஜாவாவில் சுய்டெமா என்பவர் இதை எழுதினார். பிறகு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து விவரமாக எழுதினார். தமிழ்நாட்டிலும் உண்டு. சின்ன வயசிலேயே அடிக்கடி கடுமையான வயிற்றுவலி, உடம்பு இளைப்பு, எண்ணெய்ப் பசையோடு மலம், பிறகு சர்க்கரை வியாதி என்று வரும். கணையம் கெட்டுப்போனால் கொழுப்பைக் கரைக்க ஆள் இல்லை. அவர்களுக்குக் கணைய என்சைம் மாத்திரை உயிர் காக்கும் மருந்து. அது இரைப்பைப் புளிப்பில் கெட்டுப்போகாமல் குடலுக்குப் போய்ச் சேர மேலே உறை போட்டிருப்பார்கள். எவ்வளவு, எப்போது என்று டாக்டர்தான் சொல்லணும்.

சிலருக்குப் பால் குடித்தால் வயிறு பொருமும். பாலில் உள்ள சர்க்கரையைக் கரைக்கிற என்சைம் பெரியவர்களான பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. இது நோய் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தயிர், மோர் ஒத்துக்கொள்ளும். உறை ஊற்றும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு முன்னாலேயே உடைந்துவிடுகிறது.

சத்து மாத்திரையிலும் அப்படியே. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரை கட்டாயம் வேணும். இதற்கான தேசியத் திட்டமும், குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்துத் திட்டமும் 1970-ல் தொடங்கியவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கின டானிக்கைப் பூட்டி வைத்துக் குடிக்கிறோம். சும்மா கொடுத்த மாத்திரையை மாடத்தில் போட்டுவிடுகிறோம். இது தலைகீழ் இல்லீங்களா?

போன சத்தை அரிசியிலேயே திருப்பிப் போடுகிற முயற்சியும் நடந்தது. நெல்லூரில் பிறந்த அதே வில்லியம்ஸ், 1948-ல் பிலிப்பைன்ஸில் பத்தான் பகுதியில் பி-1 சேர்த்த அரிசியைக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பெரிபெரிச் சாவு அங்கே குறைந்தது. நம் நாட்டில் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் பி-12-ம் சேர்த்த செறிவூட்டிய அரிசி 2021-ல் அறிவிக்கப்பட்டு, ரேஷன் கடைகளுக்கு வந்தது. 'பிளாஸ்டிக் அரிசி' என்று சிலர் பயந்து பொறுக்கிப் போட்டார்களே, அதுதான் சத்து மணி. அதுவும் அரிசி மாவில் செய்ததுதான்.

மற்றபடி, திடமாக இருக்கிற ஒருவர் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு ஒரு நாள் வயிறு உப்பினால் ஜீரண டானிக்கை மாதக்கணக்கில் குடிக்க வேண்டியதில்லை. நேரம் தவறாமல், மென்று சாப்பிட்டு, தறியை விட்டு எழுந்து நாலு எட்டு நடந்தாலே போதும். ஆனால் ஒன்று. உடம்பு காரணமில்லாமல் இளைத்தால், மலம் கறுப்பாகப் போனால், ரத்தம் வந்தால், விழுங்க முடியாவிட்டால், கண் மஞ்சளானால், வலி விடாமல் இருந்தால் புட்டியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஜீரணக் கோளாறு என்று நினைத்து நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.

அடுப்படியில் இருக்கிற டயாஸ்டேஸ்

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு காரியம். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். பிறந்த புதிதில் குழந்தையின் கணையத்தில் மாவைக் கரைக்கிற சாறு மிகக் குறைவு. தாய்ப்பாலிலேயே அந்த என்சைம் கொஞ்சம் இருக்கிறது. எந்தப் புட்டியிலும் இப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சி கொடுக்கும்போது ஒரு சங்கடம் வரும். கெட்டியாகக் காய்ச்சினால் பிள்ளை விழுங்காது. தண்ணீராக்கினால் வயிறு நிறையும், சத்து சேராது. இதற்கு வழி மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும், 1980-களில் பரோடா பல்கலைக்கழகத்திலும் செய்து காட்டினார்கள். கெட்டிக் கஞ்சியில் முளைகட்டிய தானிய மாவு கொஞ்சம் கலந்தால் போதும், சில நிமிஷத்தில் கஞ்சி இளகிவிடும். சத்து குறையாது. 1833-ல் பிரான்ஸில் பார்த்த அதே டயாஸ்டேஸ், நம் அடுப்படியில்!

செய்முறை சுலபம். கேழ்வரகைக் கழுவி ஓர் இரவு ஊறவையுங்கள். துணியில் கட்டி ஒன்று இரண்டு நாள் முளைக்க விடுங்கள். பூசணம் பிடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து, மாவாக்கிச் சலித்து வையுங்கள். கருக வறுக்கக் கூடாது; சூடு அதிகமானால் என்சைம் செத்துவிடும். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கிய பிறகு ஒரு ஸ்பூன் முளை மாவைப் போட்டுக் கிளறுங்கள். கஞ்சி இளகியதும் மறுபடி ஒரு கொதி வரவிட்டு ஆற்றிக் கொடுங்கள். அந்தக் கடைசிக் கொதி சுத்தத்துக்காக. கேழ்வரகில் 100 கிராமுக்கு 344 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் இருக்கிறது. எலும்புக்கும் பல்லுக்கும் நல்லது. அங்கன்வாடி சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு மாவு சேர்ந்து வந்திருக்கிறது. அதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுத்துவிடாமல் பிள்ளைக்கே கொடுங்கள்.

பெரியவர்களுக்கு மூன்று யோசனை. வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் அரைக்கும்போது, "ரொம்ப வெளுக்க வேண்டாம்" என்று மில்காரரிடம் சொல்லுங்கள். அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டுக் கசக்கிக் கழுவாதீர்கள். வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றாதீர்கள். பி-1 அதில் கரைந்து நிற்கிறது. உப்பும் மோரும் போட்டுக் குடியுங்கள், இல்லை குழம்புக்குச் சேருங்கள். ஆடி மாசம் அம்மனுக்கு ஊற்றுகிற கேழ்வரகுக் கூழ், ஆவணி பிறந்ததும் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது. வருஷம் பூராவும் வாரத்தில் சில நாளாவது இருக்கட்டும்.

மருந்துக் கடைக்குப் போகிற காசில் ஒரு பங்கைப் பருப்புக்கும் முட்டைக்கும் கீரைக்கும் திருப்பினால், உடம்பிலுள்ள நெசவாளிக்கு நாடா தட்டாமல் கிடைக்கும். தறி ஓடிக்கொண்டே இருக்கும்.